அரைக்கிலோவுக்குள் ஒரு புதுநன்மை கவுன்

என் கணவர் ஒரு சின்னப் பெண்ணின் கவுனை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் சிவப்பு மையில் கண்ணாடிக் கோப்பை படம் அச்சடித்த அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகப் பொறுமை போனது. கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு குடை. குடைக்குப் பக்கத்தில் மேலே பார்த்தபடி இரண்டு அம்புக்குறிகள். உள்ளே இருந்ததோ சாட்டினும் வலைத்துணியும். உடைவதற்கு அதில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது, முதுகில் வெறும் கொக்கிகள்தான்.

"இது இன்னாத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"ஏத்துறவன் எறக்குறவன் பாத்து வைக்கணும் இல்ல?"

"துணிங்க அது. மாடியிலேர்ந்து தூக்கிப் போட்டாலும் துணிதான்."

"இப்டி நெனச்சுதான் எல்லாத்தையும் டேமேஜ் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திருப்பி அடுத்த பக்கத்திலும் ஒரு கோப்பையை அச்சடித்தார்.

நாங்கள் அப்போது பெங்களூர் விவேக் நகரில், குழந்தை யேசு கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இருந்தோம். வீட்டின் முன்னறைதான் என் கடை. வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வரும். ஓசூர், சேலம், கோலார் தங்கவயல், சென்னை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் என் ஜன்னலில் தொங்கும் வெள்ளைக் கவுன்களைப் பார்த்து நிற்பார்கள். புதுநன்மை என்றால் எங்கள் வேதத்தில் பிள்ளைகள் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். பெண் குழந்தை என்றால் வெள்ளைக் கவுன், தலைக்கு முக்காடு, கைக்கு வெள்ளை உறை, எல்லாம் புதிதாக வேண்டும். அன்றே அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள், அல்லது ஊருக்குப் போய் போன் செய்வார்கள். நான் தைத்துக் கூரியரில் அனுப்புவேன். ஏப்ரல், மே வந்தால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

முன்பெல்லாம் நானே கவுனைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி, பழுப்புத் தாளில் மடித்து, நூல் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் இவர் வீட்டுக்கு வந்தார்.

வந்தார் என்றால், வேலையை விட்டுவிட்டு வந்தார். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருஷங்களில் பெங்களூரின் பெரிய அரசாங்கத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தன. விருப்ப ஓய்வு என்று பெயர். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. இவர் அப்படி ஒரு தொழிற்சாலையில் அனுப்புகைப் பிரிவில் இருந்தவர். செய்து முடித்த இயந்திரங்களுக்கு மரச்சட்டம் அடித்து, தார்க்காகிதம் சுற்றி, இரும்புப் பட்டை இழுத்து, லாரியில் ஏற்றும் வரைக்கும் இவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட ஒரே பெருமை, "நாங்க கட்டினது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்பதுதான். கடைசி நாளன்று மாலையும் சால்வையும் கொடுத்தார்கள். கூடவே, அங்கே யாருக்கும் வேண்டாம் என்று போட்டிருந்த அச்சுத் தகடுகளையும் இவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கோப்பை, குடை, அம்புக்குறி எல்லாம் அந்தத் தகடுகள்தான்.

முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளின் கீலுக்கும் எண்ணெய் விட்டார். அதன் பிறகு என் முன்னறைக்கு வந்து, நான் நூல் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையா நீ வெளியூருக்கு அனுப்புற?" என்று கேட்டார். அன்றோடு பேக்கிங் என் கையை விட்டுப் போயிற்று.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அந்தப் பெட்டியைத் தவிர அவருக்கு அந்த வீட்டில் வேறு வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் அவர் கட்டிய பெட்டி! மூன்று அடுக்கு அட்டை. உள்ளே தார்க்காகிதம், அதற்குள் பிளாஸ்டிக் தாள், அதற்குள் மெல்லிய வெள்ளைத் தாள், அதற்குள் எங்கேயோ என் கவுன். வெளியே குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்டிக் பட்டை, பட்டையை நெருக்கிப் பிடிக்கும் தகரக் கிளிப். ஓசூரிலிருந்து ஒரு தாய் போன் செய்து, "அக்கா, பார்சல் வந்துடுச்சு, இத எப்படித் தெறக்கறது?" என்று கேட்டாள். நான் ரிசீவரை இவரிடம் நீட்டினேன். இவர் வாங்கி, எந்தப் பட்டையை முதலில் வெட்ட வேண்டும், எதை இரண்டாவதாக வெட்ட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். வீட்டில் கட்டிங் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டார். அவள் பக்கத்து வீட்டில் வாங்கிவரப் போனாள். இவர் லைனிலேயே காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

கூரியர் ஆபீஸில் மானம் போவது என் பங்கு. கவுன்டரில் இருந்த பெண் என் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு, "ஒளகெ கல்லு இட்டிதீரா ஆன்ட்டி?" என்று கன்னடத்தில் கேட்டாள். உள்ளே கல்லா வைத்திருக்கிறேன் என்று! பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது. அரைக்கிலோ வரைக்கும் ஒரு கட்டணம். அதற்கு மேல் ஒரு கிராம் போனாலும் அடுத்த கட்டணம். அப்படியே ஒவ்வொரு அரைக்கிலோவுக்கும் ஏறிக்கொண்டு போகும். என் கவுன் தனியாக அரைக்கிலோகூட வராது. இவருடைய பெட்டிக்குள் போய்விட்டு வந்தால் படி மேல் படியாக ஏறி நிற்கும்.

வாங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "கவுனு நல்லாத்தான் இருக்குக்கா, ஆனா கூரியர் காசுல இன்னொரு கவுனே தெச்சிக்கலாம் போலயே" என்றாள் ஒருத்தி. சேலத்தில் வருஷா வருஷம் வாங்கும் ஒரு குடும்பம் அங்கேயே ரெடிமேட் எடுத்துக்கொண்டது. அதைக் கேட்ட அன்று எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இவரிடம் சொன்னேன். "அவங்களுக்கு குவாலிட்டி தெரியல" என்று சொல்லிவிட்டு சாம்பார் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமையே பஸ் ஏறி அவென்யூ ரோடு போனேன். அங்கே ஒரு சந்துக்குள் பிளாஸ்டிக் பை விற்கும் கடை. கடைக்காரர் சாயபு. நான் என்ன வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைக் கவர் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். ஓரத்தில் ஒட்டும் பசை, மேலே ஒரு நாடா. நாடாவை உரித்து மடக்கி அழுத்தினால் ஒட்டிக்கொண்டது.

"ஹல்கா மால் இது மேடம், வெயிட்டே இல்ல. ஆனா இழுத்துப் பாருங்கோ."

இழுத்துப் பார்த்தேன். கிழியவில்லை. மின்விசிறிக் காற்றில் அந்தக் கவர் மேஜையிலிருந்து தானாகவே எழுந்து தரையில் விழுந்தது. எனக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நான் எதிர்பார்த்தது சண்டை. நடந்தது பரீட்சை. இவர் ஒரு கவரை எடுத்தார். என் பழைய சேலை ஒன்றை மடித்து உள்ளே வைத்து ஒட்டினார். முதலில் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். பிறகு மொட்டை மாடிக்குப் போய்க் கீழே போட்டார். தொப்பென்று விழுந்தது. திரும்ப எடுத்துக்கொண்டு போய் திரும்பப் போட்டார். எங்கள் மகள் அப்போது கால் சென்டரில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது தடவையாகச் சேலை விழுந்தபோது எழுந்து வந்து, "அப்பா, ப்ளீஸ், என்னா வேணும் உங்களுக்கு?" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

"டிராப் டெஸ்ட்" என்றார்.

பிறகு கவரைத் தெருவில் வைத்துச் செருப்புக் காலால் மிதித்தார். கடைசியாகப் பிரித்து, சேலையைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு கீறல் இல்லை. எனக்கு நடுத்தெருவில் நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன், கை எழவில்லை.

"சரி, இதுலயே அனுப்பு" என்றார். உள்ளே போனார்.

அதன் பிறகு பேக்கிங் என்பது ஒரு நிமிஷ வேலை ஆயிற்று. மடித்து, உள்ளே தள்ளி, நாடாவை உரித்து, அழுத்தினால் முடிந்தது. கவுன்டர் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டாள். ஆர்டர் திரும்ப வர ஆரம்பித்தது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம், ஆனால் வீட்டில் ஒரு மனிதர் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவார்.

"யாரு, சென்னையா? பார்சல் நனைஞ்சு வந்திச்சா?"

"இல்லங்க, நல்லா வந்திச்சாம்."

"கிழிஞ்சிருந்திச்சான்னு கேட்டியா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலங்க."

"நீ கேட்டாதான சொல்வாங்க."

நாளாக ஆக எனக்கு அந்த வாடிக்கையாளர்கள் மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை பேரில் ஒருத்திக்காவது ஒரு மூலை கிழிந்து வரக்கூடாதா? ஒரே ஒரு சின்னக் குறை. இந்த மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுவாரே! என் சொந்தத் தொழிலுக்கே கெட்டது நினைக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்.

காலையில் சவரம் செய்து, கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையையே போட்டுக்கொண்டு, கையில் பழைய டிபன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே என்று கேட்டால், "சும்மா" என்பார். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஷிப்டு ஆட்கள் உள்ளே போகும் வரைக்கும் நின்று பேசிவிட்டு, அவர்கள் போன பிறகு திரும்பி வருவார். டிபன் பை காலியாகவே போய்க் காலியாகவே வரும். அதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும், அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும், அந்தக் கோபத்தில் பருப்பு வேகவில்லை என்று அடுப்போடு சண்டை போடுவேன்.

அப்போதுதான் ஒரு பெரிய பெண்ணுக்குக் கவுன் தைத்தேன். மூன்று சுற்று வலைத்துணி. முக்காடும் நீளம். கூரியர் தராசில் வைத்தால் அரைக்கிலோவைக் கொஞ்சூண்டு தாண்டி நின்றது. கவுன்டர் பெண்ணிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் ஒப்பல்ல ஆன்ட்டி" என்றாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாதாம். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்சலை இவர் மடியில் போட்டேன்.

"பெரிசா கட்டத் தெரிஞ்சா பத்தாது. இத அரைக்கிலோவுக்குள்ள அடக்குங்க பாக்கலாம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன உடனே அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதே தோன்றியது.

மறு ஞாயிறு சண்டே பஜாரில் பேக்கரிக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் எதையும் நிறுக்காமல் விடவில்லை. கவர் நிறுத்தார். கவரின் பசை நாடாவை உரித்துத் தனியாக நிறுத்தார். முகவரிச் சீட்டை நிறுத்துவிட்டு, ஓரத்தைக் கத்தரித்துத் திரும்ப நிறுத்தார். நான் தோசை வார்த்துத் தட்டில் போட்டால் அதையும் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். முன்பு எடையைக் கூட்டி என் உயிரை வாங்கினார், இப்போது குறைத்து வாங்கினார்.

கழுத்துப் பட்டைக்குள் நான் செருகும் அட்டை போயிற்று. தோள் விறைப்பாக நிற்க வைக்கும் பிளாஸ்டிக் கிளிப் போயிற்று. உள்தாள் பாதியானது. ஒரு நாள் ஒட்டுவதற்கு முன்னால் கவருக்குள் கைவிட்டுப் பார்த்தால், நான் ஒவ்வொரு கவுனோடும் வைத்து அனுப்பும் குழந்தை யேசு படத்தைக் காணோம்.

"படம் எங்க?"

"அது மூணு கிராம்."

"ஆண்டவருக்கா? ஆண்டவருக்கு மூணு கிராம் குடுக்க மாட்டீங்களா நீங்க?"

படத்தை எடுத்து வந்து, சுற்றியிருந்த வெள்ளை ஓரத்தை மட்டும் சீராக வெட்டிவிட்டு, "இந்தா, இப்ப வை" என்றார். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கவுன் அரைக்கிலோவுக்குள் அடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். கவுன்டர் பெண்ணே ஆச்சரியப்பட்டாள்.

அத்தோடு நின்றிருந்தால் நான் அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டிருப்பேன். அவருக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. எடை குறைந்ததும் அளவைக் குறைக்கப் போனார். சின்னக் கவர் என்றால் இன்னும் லேசு அல்லவா? கவுனைச் சுருட்டி, கவருக்குள் திணித்து, அதன் மேல் முழங்காலை ஊன்றிக் காற்றையெல்லாம் வெளியே பிதுக்கிவிட்டு ஒட்டினார். நான் பக்கத்துத் தெருவுக்கு நூல் வாங்கப் போயிருந்த நேரம். கூரியருக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

சென்னையிலிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, கவுன் அப்பளம் மாதிரி வந்திருக்கு, இதப் போட்டா எம் பொண்ணு எப்படி ஆன்ட்டி பீடத்துக்கு முன்னாடி நிப்பா?" அந்த அம்மா அழவில்லை, அழுகைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றாள். குளியலறையில் கவுனைத் தொங்கவிட்டு, வாளியில் கொதிக்கிற தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். சாயங்காலம் திரும்பப் போன் செய்து, கவுன் எழுந்து நிற்கிறது என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிரோடு நேராக இவரிடம் போனேன்.

"காத்துக்கு எடை இருக்காங்க? சொல்லுங்க, காத்துக்கு எடை இருக்கா?"

"எடை இல்ல, எடத்த அடைக்குது இல்ல?"

"இனிமே என் துணிமேல முட்டி வெச்சீங்கன்னா தராசத் தூக்கிப் போட்டு ஒடச்சிடுவேன்."

அடுத்த நாள் அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நானும் கூப்பிடவில்லை.

தங்கவயல் ஆர்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் புதுநன்மை. நான் நேரத்தோடு தைக்கத்தான் ஆரம்பித்தேன். சிக்பேட்டையில் வாங்கும் லேஸ் தீர்ந்துபோய், அடுத்த சரக்கு வர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை விடியற்காலையில் கடைசிக் கொக்கியை வைத்து முடித்தேன். கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அந்த வீட்டில் எல்லாரும் கையைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு அந்த ஒரு கவுன்தான். நான் முன்னறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"குடு, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் இவர்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து தங்கவயலுக்குக் காலையில் ரயில் உண்டு. நான் கவுனை ஒரு ஹாங்கரில் மாட்டி, மேலே ஒரு சேலையைப் போர்த்திக் கொடுக்கப் போனேன். இவர் ஹாங்கரைக் கழற்றி வைத்துவிட்டு, கவர் கட்டை எடுத்தார்.

"கையிலதான எடுத்துட்டுப் போறீங்க? எதுக்குப் பேக்கிங்?"

"பார்சல்னா பார்சல் மாதிரி போய்ச் சேரணும்."

பெரிய கவராக எடுத்தார், அதுவரை சந்தோஷம். காற்றைப் பிதுக்கவில்லை. உள்தாள் வைத்தார், படம் வைத்தார், முகவரிச் சீட்டு ஒட்டினார். தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிற பார்சலுக்கு முகவரிச் சீட்டு! தராசிலும் வைத்துப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். சட்டையை மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். முகத்தில் கரியும் தூசும். கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததா, பிடித்ததா என்று கேட்டேன். "ம்" என்றார். இந்த மனிதரிடமிருந்து ஒரு பார்சலைப் பற்றி ஒற்றை எழுத்தில் பதில் வருவது அதுதான் முதல் தடவை.

"யாரு பிரிச்சாங்க?"

"அந்தக் கொழந்ததான். பல்லால."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கத்தரிக்கோலு எடுத்துத் தர்றதுக்குள்ள பல்லால கடிச்சுப் பிச்சிடுச்சு. கவர அப்டியே தூக்கிப் போட்டுச்சு. பெரியவர் ஒருத்தர், அதோட தாத்தா, சொரங்கத்துல இருந்தவராம். கவர எடுத்து ஒதறிட்டு, 'நல்லா கெட்டியா இருக்குது'ன்னு சொல்லிட்டு அதுலயே கறி வாங்கியாரப் போயிட்டாரு." காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அத்தினி வருசம் கட்டினேன். கல்கத்தா போச்சு, பிலாய் போச்சு, கப்பல்ல வெளிநாடு போச்சு. ஒண்ணயாச்சும் பிரிக்கறப்ப நான் பக்கத்துல நின்னதில்ல. இன்னிக்குத்தான் பாத்தேன். யாரும் அதப் பாக்கவே இல்ல."

பார்க்க மாட்டார்கள்தான். நான் எத்தனை தடவை அவரிடம் கத்தியிருக்கிறேன், துணியைத்தான் பார்ப்பார்கள், பெட்டியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அதையே இன்றைக்கு அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றால் பழையபடி பெட்டியே கட்டிக்கொள்ளுங்கள், குடை போடுங்கள், கோப்பை போடுங்கள் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

"கவுனு எப்படி இருந்திச்சு?" என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "வீட்டுல போட்டிருந்த துணிமேலயே மாட்டிக்கிச்சு. மாட்டிக்கிட்டு ஒரே சுத்து. அவங்க வீட்டுல அத்தன பேரும் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்துட்டாங்க." டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டார். "சுத்தறப்ப முதுகுல ஒரு கொக்கி கழண்டுகிச்சு. அவங்கம்மா ஊக்கு குத்தினாங்க. உன்ன ஒண்ணும் சொல்லல. நான்தான் பாத்தேன்."

விடியற்காலையில் அவசரத்தில் வைத்த கடைசிக் கொக்கி. எனக்கு முகம் சிவந்தது. இத்தனை மாதமாக யாராவது ஒரு குறை சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மனிதருக்கு, கையில் கிடைத்த குறை என்னுடையது. குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன். லேஸ் வந்தது வெள்ளிக்கிழமை, நான் என்ன மிஷினா, எனக்கு எத்தனை கை என்றெல்லாம் வாய்வரைக்கும் வந்து நின்றது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கவர ஒட்டுறது நீயே ஒட்டிக்க. உள்ள போறதுல எனக்கு ஏதாச்சும் வேல குடு."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா போய் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும், கொக்கி டப்பாவையும் ஊசியையும் அவர் முன்னால் வைத்தேன். எப்படி வைப்பது என்று ஒரு தடவை காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு கொக்கிக்கு எவ்வளவு நூல் வேண்டுமோ அதைப் போல பல மடங்கு சுற்றினார். துணியின் பின்னால், இழுக்கும்போது தாங்குவதற்கு என்று, வெள்ளை நாடாவில் ஒரு பட்டை வைத்துத் தைத்தார். நாடாவின் நான்கு மூலையிலும் முடிச்சு. போதும், போதும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. ஒரு கவுன் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. முடித்ததும் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். கவுன் கிழிந்தாலும் கிழியும், அந்தக் கொக்கி வராது.

மடித்து, கவருக்குள் வைத்து, தராசில் வைத்தேன். அரைக்கிலோவைத் தாண்டிவிட்டது. அவருடைய நூலும் நாடாவும்தான்.

"பாத்தீங்களா? தாண்டிடுச்சு" என்று ஆரம்பித்தேன். படத்தின் ஓரத்தை வெட்டிய மனிதர், தோசையை எடை போட்ட மனிதர், எண்ணைக் குனிந்து பார்த்தார்.

"தாண்டட்டும்" என்றார். "கொக்கி நிக்கணும்."

அடுத்த கவுனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நான் முணுமுணுத்துக்கொண்டே நாடாவை உரித்துக் கவரை ஒட்டினேன்.